ஃப்ரீஸ்டைல் நஞ்சாக்கு: கைப்பழக்கத்திலிருந்து மேடை வரை

நஞ்சாக்கு, அதாவது சங்கிலியாலோ கயிற்றாலோ கோத்த இரட்டைக் குச்சி, எடுத்து மேடையேறும் பிள்ளைகள் இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். ஒரு வகையினர் வீடியோவில் பார்த்த வித்தையை மூன்று வாரத்தில் பழகிக்கொண்டு வந்து, முதல் தடவை தூக்கிப் போட்டதுமே கோட்டை விடுவார்கள். இன்னொரு வகையினர் ஒரு வருடம் உழைத்து, ரோல் மேல் ரோலாக (குச்சியைக் கையின் மேல் உருட்டிப் பிடிப்பது) உருட்டி, ஒரு தடவைகூட விழாமல் முடிப்பார்கள். ஆனால் சபையில் யாரும் கை தட்டமாட்டார்கள்.

எனக்கு வருத்தமெல்லாம் இரண்டாம் வகைக்காகத்தான். முதல் வகைக்கு என்ன தவறு என்று தெரியும். இரண்டாம் வகைப் பையன் கீழே இறங்கி வந்து, "மாஸ்டர், ஒண்ணுமே தப்பு பண்ணலையே, ஏன் யாரும் தட்டல?" என்று கேட்கும்போது பதில் சொல்ல நேரம் பிடிக்கும்.

இந்த வழிகாட்டி அந்த இருவருக்கும் சேர்த்துத்தான். ஒரே ஒரு நஞ்சாக்கு, 90 விநாடி, பின்னணியில் இசை. தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் நான்கு மாதத்தில் நடக்கும் காரியம். படிகளை மாற்றிப் போடாதீர்கள். ஏன் இந்த வரிசை என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

கையில் இருக்கும் குச்சியைப் பிடிகுச்சி என்றும், சுற்றிக்கொண்டிருக்கும் குச்சியை வீசுகுச்சி என்றும் எழுதியிருக்கிறேன். எங்கள் வகுப்பில் அப்படித்தான் பழக்கம்.

1. முதலில் சாமான்

பஞ்சு சுற்றிய நஞ்சாக்கு ஒன்றும், பால் பேரிங் வைத்த சங்கிலி நஞ்சாக்கு ஒன்றும் தேவை. முதல் ஆறு வாரம் பஞ்சுதான். "எனக்கு வலி தாங்கும்" என்று நேராக மரக்குச்சிக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வலி தாங்குவார்கள், வாஸ்தவம்தான். ஆனால் நாலு முறை முழங்கையில் பட்டதும் உடம்பு தானாகவே பின்வாங்கக் கற்றுக்கொள்ளும். அந்தப் பின்வாங்கலை அப்புறம் எடுப்பது பெரும்பாடு.

குச்சியின் நீளம் பெரியவர்களுக்குச் சுமார் 30 சென்டிமீட்டர். உள்ளங்கை நடுவிலிருந்து முழங்கை வரை அளந்து பாருங்கள், ஏறக்குறைய அந்த நீளம் இருந்தால் சரி. சங்கிலி நீளத்துக்கும் கையே அளவுகோல். உள்ளங்கையை மேல் பார்த்து வைத்து, சங்கிலியை அதன் மேல் குறுக்காகப் போடுங்கள். இரண்டு குச்சிகளும் கையின் இரு பக்கமும் நேராகத் தொங்க வேண்டும். சாய்ந்து நின்றால் சங்கிலி குட்டை, ரோல் செய்யும்போது கையில் சிக்கும். அதிகமாகத் தொங்கினால் சங்கிலி நீளம், கேட்ச் பிடிக்கும்போது தாமதமாக வரும்.

கயிறா சங்கிலியா என்று எல்லோரும் கேட்பார்கள். ஒகினாவாவின் பாரம்பரிய ஆயுதக் கலையான கோபுடோ பழகுவதற்குக் கயிறு அருமையானது. ஃப்ரீஸ்டைலுக்கு, அதாவது இங்கே சொல்லும் வித்தை ஆட்டத்துக்கு, பேரிங் வைத்த சங்கிலிதான் வேண்டும். ரோல் செய்யும்போது குச்சி தன் அச்சிலேயே திரும்பும். பேரிங் அந்தத் திருக்கை வாங்கிக்கொள்ளும். கயிறு வாங்காது, முறுக்கேறிக்கொண்டே போகும்.

பிடி வழுக்குகிறது என்று குச்சி முழுக்க டேப் சுற்றாதீர்கள். கேட்சுக்குப் பிடிமானம் வேண்டும், ரோலுக்கு வழுக்கல் வேண்டும். இரண்டும் ஒரே குச்சியில் இருக்க வேண்டுமானால் அடிப்பக்க மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் டேப் போதும். முகப்பவுடர் போடவே போடாதீர்கள், வியர்வையோடு சேர்ந்தால் சோப்பு மாதிரி ஆகிவிடும். ஜிம்னாஸ்டிக்ஸ் செய்கிறவர்கள் கையில் பூசும் சாக் பவுடர் கொஞ்சம் தடவிக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கனடாவில் நஞ்சாக்கு தடை செய்யப்பட்ட ஆயுதம், ஜெர்மனியிலும் தடை உண்டு. ஊரிலிருந்து வாங்கிக்கொண்டு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். இந்தியாவுக்குள் விமானத்தில் போகும்போதும் இது கைப்பையில் போகாது.

2. வெறும் சுற்று: இரண்டு கையிலும், நான்கு வாரம்

நேர்ச்சுற்று, எதிர்ச்சுற்று, எட்டு. இந்த மூன்று மட்டும். நேர்ச்சுற்றில் வீசுகுச்சி மேலே இருக்கும்போது உங்களை விட்டு விலகிப் போகும், எதிர்ச்சுற்றில் உங்களை நோக்கி வரும். எட்டு என்பது வலப்பக்கம் ஒரு வட்டம், இடப்பக்கம் ஒரு வட்டம், நடுவில் குறுக்குக் கோடு.

சிலம்பம் பழகியவர்களுக்கு இது இரண்டே நாளில் வந்துவிட்ட மாதிரி தெரியும், மணிக்கட்டு ஏற்கெனவே தயாராக இருப்பதால். ஆனால் கம்பு ஒரே துண்டு, கை திரும்பியதும் நுனியும் திரும்பும். நஞ்சாக்கில் நடுவில் ஒரு மூட்டு இருக்கிறது. கை திரும்பிய பிறகு ஒரு நொடிப்பொழுது கழித்துத்தான் வீசுகுச்சி திரும்பும். சிலம்பத்திலிருந்து வருகிறவர்கள் அந்தப் பொழுதுக்குக் காத்திருக்காமல் அடுத்த திருப்பத்துக்கு இழுத்துவிடுவார்கள், குச்சி காதில் வந்து விழும். கராத்தேவிலிருந்து வருகிறவர்களின் சிக்கல் வேறு. தோளை இறுக்கிக்கொண்டு முழுக் கையாலும் சுற்றுவார்கள், பத்து நிமிடத்தில் களைத்துவிடுவார்கள்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி, இடுக்கில் ஒரு கைக்குட்டையை வைத்துக்கொண்டு 50 எட்டுப் போடுங்கள். கைக்குட்டை விழுந்தால் தோள் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இடக்கையை விட்டுவிடாதீர்கள். வலக்கைக்கு 10 நிமிடம் என்றால் இடக்கைக்கு 15. இப்போது விட்டுவிட்டால் மேடையில் அது பளிச்சென்று தெரியும். இடக்கைக்கு மாற்றுவார்கள், ஒரே சுற்று, உடனே வலக்கைக்கே திருப்பி வாங்கிக்கொள்வார்கள். பார்க்கிறவருக்கு நஞ்சாக்கு தெரியாவிட்டாலும், ஆள் எதையோ மறைக்கிறான் என்பது தெரிந்துவிடும்.

வேகத்தைக் கூட்டும் ஆசை இந்தக் கட்டத்தில்தான் வரும். சங்கிலியோடு சேர்த்து வீச்சின் ஆரம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு இரண்டரைச் சுற்றில் குச்சி நுனி மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. சைக்கிளை நன்றாக மிதித்துப் போகும் வேகம். அந்த வேகத்தில் ஒரு குச்சி நெற்றிப்பொட்டில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

3. நிறுத்தப் பழகுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். சுற்றத் தெரிந்ததும் அடுத்தது ரோல், அதற்கடுத்தது தூக்கிப் போடுவது என்று ஓடுவார்கள். கேட்ச் என்பதை ஒரு வித்தையாகவே அவர்கள் மதிப்பதில்லை. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

மூன்று கேட்ச் போதும். முதலாவது அக்குள் கேட்ச். சுற்றிவரும் குச்சியை அதே கையின் அக்குளில் வாங்கி இடுக்கிக்கொள்வது. இரண்டாவது தோள் கேட்ச். வலத்தோளுக்கு மேலாக வீசி, முதுகுப்பக்கம் விழும் குச்சியை இடக்கை வல அக்குளுக்கு அடியில் போய்ப் பிடிப்பது. மூன்றாவது இடுப்பு கேட்ச். குச்சி இடுப்பைச் சுற்றிப் பின்னால் வர, மறு கை வாங்கிக்கொள்வது.

தோள் கேட்சில் அடிபடுகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்வார்கள். முழங்கையைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். அப்போது வீசுகுச்சி தோளைத் தாண்டுவதற்குள் தலையை எட்டிவிடும். முழங்கையை உயர்த்தி முன்னால் நீட்டுங்கள், பாதை திறந்துவிடும். பிடிக்கும் கையைக் குச்சி வந்த பிறகு தேடிப் போகாமல், முன்னதாகவே கொண்டுபோய் வைத்துக் காத்திருங்கள்.

கேட்சை இறுக்கிப் பிடித்து நிறுத்தக் கூடாது. குச்சி வரும் போக்கிலேயே கையும் ஒரு சாண் போய்ப் பிறகு நிற்க வேண்டும். கில்லி ஆடும்போது வரும் கில்லியைக் கை பின்னால் இழுத்து வாங்குவோமே, அதே கதைதான். இறுக்கினால் குச்சி உள்ளங்கையில் மோதித் தெறிக்கும்.

பிடித்த பிறகு முழுதாக இரண்டு எண்ணிக்கை அசையாமல் நில்லுங்கள். கண் சிமிட்டலாம், கால் மாற்றக் கூடாது. புதியவர்கள் கேட்ச் பிடித்த அதே மூச்சில் அடுத்த சுற்றை ஆரம்பிப்பார்கள். நிற்பதற்குப் பயம், சும்மா நிற்கிற மாதிரி தோன்றிவிடுமோ என்று. ஆனால் பார்க்கிறவர் அந்தக் குச்சியை முதன்முதலாகத் தெளிவாகப் பார்ப்பதே அது நிற்கும்போதுதான். சுற்றும்போது அவருக்குத் தெரிவது ஒரு மங்கலான வட்டம். அது நின்றால்தான் இவ்வளவு நேரமும் சுற்றியது இந்தத் தடியா என்று உறைக்கும்.

4. ரோல்

நேர்ச்சுற்றில் பிடிகுச்சியை விட்டுவிட, சங்கிலி புறங்கையின் மேல் உருண்டு, மறு குச்சி உள்ளங்கைக்குள் வந்து விழுவதுதான் அடிப்படை ரோல். முடியும்போது கையில் இருப்பது முன்பு சுற்றிக்கொண்டிருந்த குச்சி. இது புரியாமல், விட்ட குச்சியையே திரும்பப் பிடிக்கப் பார்ப்பவர்கள் அதிகம்.

சங்கிலிக்குப் பக்கமாகப் பிடியுங்கள். தூரப் பிடித்தால் வீச்சில் பலம் இருக்கும், ரோல் வராது. கட்டில் மேல் நின்று பழகினால் குனிந்து குனிந்து பொறுக்குவது மிச்சமாகும். பெரும்பாலானோருக்கு வலக்கையில் பத்து நாள், இடக்கையில் ஒரு மாதம் பிடிக்கும்.

ரோல் வந்ததும் ஒரு போதை வரும். கைக்கு அவ்வளவு சுகம். இதைக் கற்ற பிறகு தொடர்ந்து இருபது, முப்பது என்று உருட்டிக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் உருட்டுங்கள், தப்பில்லை. மேடைக்கு ஒரே இடத்தில் நான்குக்கு மேல் வேண்டாம். காரணம் 7-ம் படியில்.

5. தூக்கிப் போடுவது

ஏரியல் என்று சொல்வார்கள். குச்சி எந்தத் திசையில் பறக்கும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் விடும் கணம். கையில் இருக்கும் வரை சுற்றின் மையம் உங்கள் கை. விட்ட மறுகணம் மையம் சங்கிலிக்கு மாறிவிடும், இரண்டு குச்சிகளும் அதைச் சுற்றியபடியே பறக்கும். வீசுகுச்சி அந்தக் கணத்தில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ, மொத்தமும் அந்தத் திசையிலேயே போகும்.

ஆகவே நேராக மேலே போக வேண்டுமானால், வீசுகுச்சி படுக்கைவாட்டில் இருந்து மேல்நோக்கி ஏறும் கணத்தில் விட வேண்டும். உச்சிக்கு வந்த பிறகு விட்டால் மேலே போகாது, கிடையாகப் பாயும். நேர்ச்சுற்றில் அது சபையை நோக்கி, எதிர்ச்சுற்றில் உங்கள் முகத்தை நோக்கி. புதியவர்கள் பத்துக்கு எட்டு முறை தாமதமாகத்தான் விடுகிறார்கள், பயத்தில் விரல் திறக்காததால். அதனால் எதிர்ச்சுற்றிலிருந்து, பஞ்சு நஞ்சாக்கோடு பழகத் தொடங்குங்கள். தவறு உங்கள் மேலேயே விழட்டும்.

தலைக்கு மேல் ஒரு முழம் போதும். உயரம் கூடக் கூடக் குச்சி எத்தனை சுற்றுச் சுற்றி வரும் என்ற கணக்கு மாறும். தினமும் ஒரே உயரம் என்றால் கை தானாகப் பழகிக்கொள்ளும்.

வீடியோ பார்த்துக் கற்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ப்ரூஸ் லீ நஞ்சாக்கை வைத்து டேபிள் டென்னிஸ் ஆடும் கறுப்பு வெள்ளைக் காட்சி இன்றும் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டேயிருக்கிறது. அது 2008-ல் ஒரு கைப்பேசி விளம்பரத்துக்காக எடுத்தது. ப்ரூஸ் லீ இறந்தது 1973-ல். என்னிடம் அதைக் காட்டி, "இது எத்தனை மாசத்துல வரும் மாஸ்டர்?" என்று கேட்ட அப்பாக்கள் உண்டு. அந்த அளவுக்குப் பொய் இல்லாவிட்டாலும், இப்போது வரும் பல குட்டி வீடியோக்களும் வேகத்தைக் கூட்டி, விழுந்த இடங்களை வெட்டி எடுத்தவைதான். அவற்றைப் பார்த்து உங்கள் கையைச் சபிக்காதீர்கள்.

6. எது மேடைக்குப் போகும், எது வீட்டிலேயே இருக்கும்

இங்கே ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். ஒவ்வொரு வித்தையையும் 50 முறை செய்து, எத்தனை முறை கையில் நின்றது என்று எழுதுங்கள். ஐம்பதையும் ஒரே நாளில், களைத்த பிறகும் சேர்த்து எண்ணுங்கள். முதல் பத்தை மட்டும் எண்ணிவிட்டுப் பெருக்கிக்கொள்ளும் ஆட்கள் உண்டு.

பத்துக்கு ஒன்பது பிடித்தால் நல்ல கைதான் என்று தோன்றும். ஆனால் மேடையில் அந்த மாதிரி எட்டு வித்தைகளை அடுத்தடுத்துச் செய்தால், எட்டும் விழாமல் முடிய வாய்ப்பு நூற்றுக்கு 43-தான். பாதிகூட இல்லை. ஒவ்வொன்றும் நூற்றுக்கு 98 என்றால் மொத்தம் 85 ஆகிறது. 99 என்றால் 92. இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டிய பிறகுதான் எங்கள் வகுப்பில், "எனக்கு வரும் மாஸ்டர்" என்ற பேச்சு குறைந்தது.

ஆகவே விதி இது. 50-க்கு 49 நின்றால் மேடைக்குப் போகலாம். அதற்குக் கீழே என்றால் வீட்டில் இருக்கட்டும். ஒரே ஒரு விலக்குத் தருவேன். 45-க்கு மேல் நிற்கும் ஒரு துணிச்சலான வித்தையை மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஒன்றே ஒன்று. அதை எங்கே வைப்பது என்பது 8-ம் படியில்.

இந்த வடிகட்டலில் உங்களுக்குப் பிடித்த வித்தைகளில் பாதி போய்விடும். வலிக்கத்தான் செய்யும்.

7. பார்க்கிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்

இதுவரை கை. இனிமேல் கண், அதுவும் அடுத்தவர் கண்.

என் சொந்த அனுபவம் ஒன்று. பல வருடம் முன்பு ஒரு நிகழ்ச்சிக்காக நானே 11 ரோல் வைத்து ஒரு தொடரைக் கோத்திருந்தேன். முதல் நாள் மாலை மொட்டை மாடியில் அதை என் அத்தைக்கு ஆடிக் காட்டினேன். முடித்துவிட்டு, "எது நல்லா இருந்துச்சு அத்தை?" என்றேன். அவர் முறத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "நடுவுல ஒரு தடவ அப்படியே நின்ன பாரு, அது நல்லா இருந்துச்சுப்பா. மத்ததெல்லாம் ஃபேன் ஓடுற மாதிரி இருந்துச்சு" என்றார். அந்த நிற்றல் நான் வைத்ததே அல்ல. ஒரு ரோல் தவறிப்போய், அதை மறைப்பதற்காக அக்குளில் வாங்கி நின்றது.

ரோல் உங்கள் உள்ளங்கை அகலத்துக்குள் நடக்கிற சங்கதி. பத்து மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. பக்கத்தில் நிற்கும் இன்னொரு நஞ்சாக்குக்காரர் மட்டும்தான் "அடேங்கப்பா" என்பார். அவருக்காகத்தான் ஆடுகிறீர்கள் என்றால் சரி, ஆடுங்கள். சபைக்கு என்றால் பெரிய வட்டம், உயரம், நிறுத்தம் இந்த மூன்றும்தான் எட்டும்.

அடுத்தது, எந்தப் பக்கம் திரும்பி நிற்பது. இதை யாரும் சொல்லித்தருவதில்லை. சபையைப் பார்த்து நின்றுகொண்டு உடம்பின் பக்கவாட்டில் நேர்ச்சுற்றுச் சுற்றினால், அது உங்களுக்குத்தான் வட்டம். எதிரே இருப்பவருக்கு அது மேலும் கீழும் போகும் ஒரு கோடு. சைக்கிள் நேராக வரும்போது சக்கரம் தெரிகிறதா, டயரின் விளிம்புதானே தெரிகிறது? அதே சைக்கிள் குறுக்கே போனால் முழுச் சக்கரமும் தெரியும். ஆகவே நேர்ச்சுற்று, எதிர்ச்சுற்று வரும் இடங்களில் உடம்பைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, சபைக்குத் தோளைக் காட்டி நில்லுங்கள். முகத்தை மட்டும் சபைப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. குச்சி கை நழுவினாலும், தாமதமாக விட்டாலும், மேடையின் இடமோ வலமோதான் போகும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் பக்கம் போகாது. தூக்கிப் போடும் வித்தை எதையும் சபைக்கு நேராக நின்று செய்ய நான் அனுமதிப்பதில்லை.

முதுகுப்பக்கம் நடக்கும் வித்தைகளுக்கு முதுகைக் காட்டுங்கள். இடுப்பு கேட்சை முன்பக்கமாக நின்று செய்தால், குச்சி ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் முளைக்கும், நடுவில் என்ன நடந்தது என்றே தெரியாது. சபைக்கு முதுகு காட்டக் கூடாது என்ற நாடக மேடைப் பாடம் இங்கே செல்லாது.

நிறத்தையும் கவனியுங்கள். கறுப்பு உடை, கறுப்புத் திரை, கறுப்பு நஞ்சாக்கு. இப்படி ஒரு கூட்டணி அமைத்துக்கொண்டு, ஒரு பையன் இரண்டு நிமிடம் வெறும் கையை ஆட்டிவிட்டுப் போன மாதிரி இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு குச்சிகளின் நுனியிலும் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை டேப் சுற்றுங்கள். செலவு இருபது ரூபாய்.

விளக்கு எரியும் எல்ஈடி நஞ்சாக்கை இருட்டில் சுற்றுவது சுலபமான கைதட்டல், மறுக்கவில்லை. ஆனால் இருட்டில் பிடிக்கும் கையும் தெரியாது, சங்கிலியும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்ச் பிடிக்க வரும் வரை அதைத் தொடாதீர்கள். ஆடினாலும் ஏரியல் கூடாது.

8. 90 விநாடியைக் கோப்பது

பாட்டைத் தேடுவதற்கு முன் வேகத்தை முடிவு செய்யுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள இசையில் ஒரு தட்டுக்கு ஒரு சுற்று என்றால் விநாடிக்கு இரண்டு சுற்று. பழகிய கைக்கு இது நிதானமான வேகம், கேட்சுக்கும் அவகாசம் இருக்கும். 150-க்குப் போனால் விநாடிக்கு இரண்டரை. பிடித்த பாட்டு என்பதற்காக 160 தட்டுப் பாட்டை எடுத்து, அதைத் துரத்திக்கொண்டே ஓடிக் களைக்கிறவர்கள்தான் அதிகம்.

120 என்றால் 90 விநாடிக்கு 180 தட்டு. எட்டுத் தட்டைச் சேர்த்து ஒரு எட்டு என்று எண்ணினால் (2-ம் படியில் சுற்றும் எட்டு வேறு) இருபத்திரண்டரை எட்டு. ஒரு தாளில் 22 கட்டம் போட்டு, ஒவ்வொரு எட்டுக்கும் என்ன என்று நிரப்புங்கள். முதலில் நிறுத்தங்களை எழுதுங்கள், குறைந்தது ஐந்து, இசை ஓங்கி அடிக்கும் இடங்களில். வித்தைகளை அவற்றுக்கு இடையில் அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வித்தைகளை வரிசையாக அடுக்கிவிட்டு நிறுத்தத்துக்கு இடம் தேடுவார்கள், இடமே இருக்காது.

முதல் எட்டில் சுற்றாதீர்கள். நடந்து வந்து, நஞ்சாக்கைக் காட்டி, நில்லுங்கள். அடுத்த இரண்டு எட்டும் மெதுவாக, பெரிய வட்டம். வேகம் என்பது முன்னால் மெதுவாக ஒன்று இருந்தால்தான் வேகமாகத் தெரியும். தொடக்கத்திலிருந்தே முழு வேகம் என்றால் பதினைந்தாவது விநாடியில் கண் அதற்குப் பழகிவிடும்.

துணிச்சலான அந்த ஒரு வித்தையை 15-ம் எட்டு வாக்கில் வையுங்கள். கடைசியில் வைக்கத்தான் ஆசை வரும். வைத்து அது விழுந்தால், சபை வீட்டுக்கு எடுத்துப் போவது விழுந்ததைத்தான். 15-ல் விழுந்தால் மீதி ஏழு எட்டு இருக்கிறது ஈடுகட்ட. கடைசி எட்டில், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும் ஒரு தோள் கேட்ச், அப்புறம் நிறுத்தம், வணக்கம்.

போட்டிக்கு என்றால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ஸ்போர்ட் கராத்தே போட்டிகளில் ஆயுதப் பிரிவிலேயே பாரம்பரியம், கிரியேட்டிவ், எக்ஸ்ட்ரீம் என்று பிரித்திருப்பார்கள். ஒன்றில் தூக்கிப் போட்டால் மதிப்பெண் ஏறும், இன்னொன்றில் அதுவே குறை. விண்ணப்பம் போடும் முன் அந்தப் போட்டியின் விதியை வாங்கி வாசியுங்கள். நடுவர்கள் இரண்டு மூன்று மீட்டரில் உட்கார்ந்திருப்பதால் அங்கே ரோலுக்கும் மதிப்பு உண்டு.

9. விழுவதற்கும் ஒத்திகை

எத்தனை கணக்குப் போட்டாலும் ஒருநாள் விழும். விழுந்ததும் புதியவர்கள் செய்வது மூன்று. முகம் சுளிப்பது, ஓடிப்போய்க் குனிவது, விட்ட இடத்தைப் பிடிக்க அவசரமாக இரண்டு வித்தையை ஒன்றாகச் செய்து மறுபடியும் விடுவது.

அதற்குப் பதில் இதைப் பழகுங்கள். விழுந்ததும் அதே இடத்தில் ஒரு நிலை எடுத்து நில்லுங்கள், நிறுத்தம் மாதிரியே. ஒரு எட்டு முடியட்டும். பிறகு நடந்து போய், சபையைப் பார்த்தபடி ஒரு காலை மண்டியிட்டு எடுங்கள். எழும்போதே சுற்று தொடங்கட்டும். எந்த எட்டில் எழுந்தீர்களோ, தாளில் அந்த எட்டில் இருப்பதைச் செய்யுங்கள். விட்டுப்போனதைத் தேடிப் போகாதீர்கள். ஒத்திகையில் நான் திடீரென்று "விழுந்துச்சு" என்பேன், கையில் நன்றாக இருந்தாலும் கீழே போட்டு எடுக்க வேண்டும்.

இடுப்புக் கச்சையில் பின்பக்கமாக இரண்டாவது நஞ்சாக்கு ஒன்றைச் செருகி வைப்பது பழைய உத்தி. விழுந்தது மேடைக்கு வெளியே உருண்டு போனால் அதை உருவிக்கொள்ளலாம். தூக்கிப் போடும் வித்தைகளில் கச்சையில் சிக்காதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. முகம், கண், வாய்

கைக்கு வேலை வந்தால் கண் கையைப் பார்க்கும், வாய் திறந்துகொள்ளும். சிலருக்கு நாக்கு கடைவாயில் வந்து உட்காரும். கண்ணாடி முன்னால் பழகினால் இது தெரியாது, கண்ணாடியில் நாம் பார்ப்பதும் குச்சியைத்தான்.

ஒரு நண்பரை எதிரே பத்து மீட்டரில் நிறுத்துங்கள். நீங்கள் எட்டுப் போடும்போது அவர் விரல்களைக் காட்டட்டும், நீங்கள் எண்ணிச் சொல்லுங்கள். மூன்று, ஐந்து, இரண்டு. சுற்றிக்கொண்டே சொல்ல வந்துவிட்டால் குச்சியை ஓரக்கண் பார்த்துக்கொள்கிறது என்று அர்த்தம். இது வராமல் "சிரிச்ச முகமா ஆடு" என்று சொல்லிப் பயனில்லை. முகத்துக்கு மிச்சம் வைக்கும் அளவுக்குக் கைவேலை குறைந்தால்தான் முகம் வரும். ஒரு வித்தை மேடைக்குத் தயாரா என்று கேட்டால், 50-க்கு 49-க்கு அடுத்த கேள்வியாக இதைத்தான் கேட்பேன்: அதைச் செய்துகொண்டே விரல் எண்ண முடிகிறதா?

கைப்பேசியையும் பத்து மீட்டர் தள்ளி, உட்கார்ந்திருப்பவர் கண் உயரத்தில் வைத்துப் படமெடுங்கள். முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இசையின் தயவில்லாமலும் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று தெரிய வேண்டும். அப்புறம் நஞ்சாக்கைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் காட்டி, எது ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். நல்லா இருக்கா என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள்.

11. மேடை நாள்

சங்கிலியை இரண்டு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். பேரிங் திருகு தளர்ந்திருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவரால் சோதியுங்கள். கயிறு என்றால் துளை விளிம்பில் நூல் பிசிர் கிளம்பியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிர் விரலுக்குத் தெரியும். ஒரு முறை இதைச் செய்யாமல் மேடையேறி, இரண்டு வருடம் உழைத்த கயிறு நடு ஆட்டத்தில் அறுந்து, ஒரு குச்சி பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியில் போய் மோதியது. அங்கே ஆள் இல்லாதது என் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து கயிறு ஆறு மாதத்துக்கு மேல் என்னிடம் இருப்பதில்லை.

மோதிரம், கைக்கடிகாரம், கைக்கயிறு எல்லாம் கழற்றுங்கள். நகம் வெட்டுங்கள். மேடையில் ஏறி ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். தோரணமோ, தொங்கும் மைக்கோ, தாழ்ந்த விளக்கோ இருந்தால் ஏரியலை அன்றைக்கு எடுத்துவிட்டு, அந்த எட்டில் ஒரு நிறுத்தத்தை வைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசைக்கும் உங்களுக்கும் நடுவே ஐந்து மீட்டராவது இருக்கட்டும். விழா நடத்துகிறவர்கள் முணுமுணுப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

விளக்கு போட்டதும் கண் கூசும். ஏறுவதற்கு முன் ஓரமாக நின்று அந்த வெளிச்சத்தில் பத்து எட்டுப் போட்டுப் பாருங்கள். உள்ளங்கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஏறுங்கள்.

இறங்கியதும் குழந்தைகள் சூழ்ந்துகொண்டு, "அண்ணா, ஒரு தடவ குடுங்கண்ணா" என்று கேட்பார்கள். சங்கிலி நஞ்சாக்கை முதலில் பைக்குள் வைத்து ஜிப்பைப் போடுங்கள். பஞ்சு நஞ்சாக்கை வெளியே எடுத்து, ஒவ்வொருவராகக் கொடுங்கள்.